எல்லைக்கோட்டை நாடாத ஓட்டம்: வால்டர் பேட்டன்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்தில் ரன்னிங் பேக் என்று அழைக்கப்படும் ஆட்டக்காரரின் பணியைப் பற்றியும், அந்தப் பணியைச் சிகாகோ பேர்ஸ் அணிக்காக 1975 முதல் 1987 வரை பதின்மூன்று பருவங்கள் செய்த வால்டர் பேட்டனைப் பற்றியும் இன்று பேச வந்திருக்கிறேன்.

ஆட்டத்தின் அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். கோல் கோடுகளுக்கு இடையே 100 கெஜம் நீளமுள்ள திடலில் பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுகிறார்கள். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு வாய்ப்புகளுக்குள் 10 கெஜம் முன்னேறியாக வேண்டும். முன்னேறிவிட்டால் மேலும் நான்கு வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு வாய்ப்பிலும் பந்தை முதலில் பெற்று ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக் அதைத் தொலைவில் உள்ள சக வீரருக்கு எறியலாம், அல்லது தமக்குப் பின்னால் நிற்கும் ரன்னிங் பேக்கின் கையில் கொடுக்கலாம். பந்தைப் பெற்றவர், தம் அணியின் முன்வரிசையில் நிற்கும் லைன்மேன்கள் எதிரிகளைத் தள்ளி உண்டாக்கும் இடைவெளியைக் கண்டு, அது மூடுவதற்குள் நுழைந்து வெளியேற வேண்டும். அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு நொடிகூடத் திறந்திருப்பதில்லை. ஓர் ஓட்டத்துக்குச் சராசரியாக நான்கு கெஜத்துக்கு மேல் எடுப்பவர் நல்ல ஆட்டக்காரர் எனப்படுகிறார். அந்த நான்கு கெஜத்தின் முடிவில், நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒருவரோ இருவரோ அவரை மோதித் தரையில் சாய்ப்பார்கள். ஓர் ஆட்டத்தில் இருபது முறை, சில நாட்களில் அதற்கும் மேல், இது நிகழும். முழங்காலும் கணுக்காலும் தேய்ந்து, முப்பது வயதை எட்டும் முன்பே ஆட்டத்தை விட்டு வெளியேறும் ரன்னிங் பேக்குகளே அதிகம்.

இந்த அடியைக் குறைத்துக்கொள்ள விதிகளே ஒரு வழி வைத்திருக்கின்றன. பந்துடன் ஓடுபவர் பக்கவாட்டு எல்லைக்கோட்டைத் தாண்டிக் காலை வைத்துவிட்டால் ஆட்டம் அந்த இடத்தில் நின்றுவிடும், யாரும் அவரை மோதக் கூடாது. மேலும் ஓரிரு கெஜத்துக்காக உடலைப் பணயம் வைக்காமல் வெளியேறுவதைப் பயிற்சியாளர்கள் பலர் குறையாகச் சொல்வதில்லை. பேட்டன் அந்த வழியைப் பெரும்பாலும் தவிர்த்தார். கோட்டின் ஓரம் வரை துரத்தப்பட்டாலும் உள்பக்கமாகத் திரும்பி, ஒரு கையில் பந்தை அணைத்துக்கொண்டு, மற்றக் கையை நீட்டித் தடுப்பவரைத் தாமே தள்ளிச் சென்றார். ஜாக்சன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பயிற்சி அளித்த பாப் ஹில், எளிதில் விழுந்துவிடாதே, விழத்தான் வேண்டுமென்றால் வீழ்த்துபவனும் அந்த அடியை உணரட்டும் என்னும் பாடத்தைத் தம் மாணவர்களுக்குப் புகட்டியவர். அந்தப் பாடத்தைத் தொழில்முறை ஆட்டத்தின் கடைசி நாள் வரை பேட்டன் கைவிடவில்லை. ஐந்தடி பத்து அங்குல உயரமும் தொண்ணூறு கிலோவை ஒட்டிய எடையும் கொண்ட ஒருவர், மோதலை நாடிச் சென்றபடியே, பதின்மூன்று பருவங்களில் ஒரே ஓர் ஆட்டத்தை மட்டுமே தவறவிட்டார் என்பதே அவருடைய வாழ்வில் என்னை மிகவும் வியக்க வைக்கும் செய்தி. அந்த ஓர் ஆட்டமும் முதல் பருவத்தில், கணுக்காலில் காயம் இருந்தபோது, ஆட முடியும் என்று அவர் சொல்லியும் பயிற்சியாளர்கள் உட்காரவைத்ததால் தவறியது.

இதைத் துணிச்சல் என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுவது அவருக்குச் செய்யும் அநீதி என்று நினைக்கிறேன். மிசிசிப்பி மாநிலத்தின் கொலம்பியா என்ற சிற்றூரில் பிறந்த அவர், கோடை விடுமுறைகளில் பேர்ல் ஆற்றின் மணற்படுகைகளில், வெயில் உச்சியில் இருக்கும் நேரத்தில் ஓடிப் பழகினார். பிற்காலத்தில் சிகாகோவை அடுத்த ஆர்லிங்டன் ஹைட்ஸில் ஒரு செங்குத்தான மேட்டைத் தேர்ந்தெடுத்து, திரும்பத் திரும்ப அதில் ஏறி இறங்கினார். உடன் ஓட வந்த பிற விளையாட்டு வீரர்கள் பாதியிலேயே நின்றுவிட்டதாக அவருடைய சகாக்கள் பலர் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். கால்களுக்கு அவர் அளித்த இந்த வலிமைதான் மோதலின்போது அவரைக் காத்தது. அசையாமல் நின்று அடிவாங்குபவரைவிட, தாமே வேகத்தை முடிவுசெய்து மோதுபவருக்குக் காயம் குறைவு என்பதும் அவருடைய நம்பிக்கையாக இருந்தது.

அவருடைய பள்ளிக்காலம் தென்மாநிலங்களில் இனப் பிரிவினை சட்டப்படி ஒழிக்கப்பட்டு, நடைமுறையில் மெல்ல விலகிக்கொண்டிருந்த காலம். கறுப்பின மாணவர்களின் பள்ளியில் சேர்ந்து படித்த அவர், 1970இல் பள்ளிகள் ஒன்றாக்கப்பட்டபோது கொலம்பியா உயர்நிலைப் பள்ளி அணிக்காக ஆடினார். அப்பகுதியின் பெரிய பல்கலைக்கழகங்கள் கறுப்பின ஆட்டக்காரர்களைத் தயக்கத்துடன் சேர்க்கத் தொடங்கியிருந்த அந்த நாட்களில், அவர் தம் அண்ணன் எடி ஆடிக்கொண்டிருந்த, கறுப்பின மக்களுக்காக நிறுவப்பட்ட ஜாக்சன் ஸ்டேட்டுக்கே சென்றார். 1975ஆம் ஆண்டு வீரர் தேர்வில், நாட்டிலேயே நான்காவது ஆளாக அவரைச் சிகாகோ எடுத்துக்கொண்டது.

முதல் ஆட்டத்தில் எட்டு முறை ஓடி அவர் எடுத்த கெஜம் பூஜ்யம். அந்த ஆண்டு அணியும் பதினான்கு ஆட்டங்களில் நான்கில்தான் வென்றது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் நிலைமை மாறியது. 1977 நவம்பர் 20 அன்று, காய்ச்சலுடன் திடலுக்கு வந்த பேட்டன், மினசோட்டா வைகிங்ஸ் அணிக்கு எதிராக 40 முறை ஓடி 275 கெஜம் எடுத்தார். ஒரே ஆட்டத்தில் அதுவரை எவரும் அவ்வளவு எடுத்ததில்லை. அந்தச் சாதனை 2000ஆம் ஆண்டு வரை நின்றது. இவ்வளவு ஓடியும் அன்றைய வெற்றி 10க்கு 7 என்ற மெல்லிய வித்தியாசத்தில்தான் வந்தது என்பதைக் கவனித்தால், அந்த அணி அவரை எந்த அளவுக்குச் சார்ந்திருந்தது என்பது விளங்கும். அந்தப் பருவத்தில் 1,852 கெஜம் எடுத்து, அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீகின் மிக மதிப்புமிக்க வீரர் என்ற விருதையும் பெற்றார்.

எண்களில் சேராத வேலையையும் நான் சொல்லியாக வேண்டும். குவாட்டர்பேக் பந்தை எறியும்போது ரன்னிங் பேக் காவலாளியாக நின்று, பாய்ந்து வருபவரைத் தடுக்க வேண்டும். புகழ்பெற்ற ஓட்டக்காரர்கள் பலர் இதை அரைமனதோடு செய்வார்கள். பேட்டனோ தம்மைவிட உருவில் பெரியவர்களை நேராக எதிர்கொண்டு நிறுத்தினார். எறியப்பட்ட பந்துகளை 492 முறை பிடித்தார், தாமே எறிந்தும் எட்டு டச் டவுன்களுக்கு, அதாவது பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் புள்ளி எடுப்பதற்கு, வழிசெய்தார். 1984இல் அணியின் குவாட்டர்பேக்குகள் காயமுற்றிருந்த வேளையில், கிரீன் பே அணிக்கு எதிரான ஆட்டத்தில் அந்த இடத்திலும் நின்று ஆடினார். டச் டவுன் அடித்தபின் பந்தைத் தமக்கு வழி திறந்த லைன்மேன்களிடம் கொடுப்பதும், தம்மைச் சாய்த்தவருக்கே எழுந்துகொள்ளக் கை கொடுப்பதும் அவருடைய வழக்கம்.

1984 அக்டோபர் 7 அன்று, சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டு அரங்கில், ஜிம் பிரவுன் ஒன்பது பருவங்களில் எடுத்திருந்த 12,312 கெஜம் என்ற வாழ்நாள் சாதனையை நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு எதிராகக் கடந்தார். ஓய்வுபெற்றபோது அவருடைய கணக்கில் 16,726 கெஜம் இருந்தது. 2002இல் எம்மிட் ஸ்மித் அதைத் தாண்டும் வரை வேறு எவரும் அதை எட்டவில்லை.

தோல்வியடைந்த அணிகளில் பல ஆண்டுகள் உழைத்தவருக்கு 1985 பருவம் தாமதமாக வந்த பலன். மைக் டிட்கா பயிற்சியளித்த அந்த அணி பதினாறு ஆட்டங்களில் ஒன்றில் மட்டுமே தோற்றது. 1986 ஜனவரி 26 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பவுல் இறுதியாட்டத்தில் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸை 46க்கு 10 என்று வென்றது. ஆனால் எதிரணி பேட்டனையே குறிவைத்து அடைத்ததால் அவர் 61 கெஜமே எடுத்தார். கோல் கோட்டின் அருகே வந்தபோது, பந்து அவருக்குப் பதிலாக உருவில் மிகப்பெரிய வில்லியம் பெர்ரியிடம் கொடுக்கப்பட்டு டச் டவுன் ஆனது. அணியைப் பத்தாண்டுக்கு மேல் சுமந்தவருக்கு அந்த ஒரு வாய்ப்பைக் கொடுக்கத் தவறியதற்காக டிட்கா பின்னாளில் வெளிப்படையாக வருந்தினார். அந்த வருத்தம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். எதிரணி முழுவதும் அவர் பக்கம் திரும்பியதால்தான் மற்றவர்களுக்கு வழி திறந்தது.

அவருடைய கடைசி ஆட்டம், 1987 பருவத்தின் தொடர்ச்சியாக 1988 ஜனவரி 10 அன்று நடந்த, வாஷிங்டனுக்கு எதிரானது. 21க்கு 17 என்று சிகாகோ பின்தங்கியிருந்தபோது, நான்காவது வாய்ப்பில் எட்டுக் கெஜம் தேவைப்பட்டது. பந்தைப் பிடித்த பேட்டன் ஏழு கெஜம் முன்னேறியபோது, எதிரணி வீரர் அவரை எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளிவிட்டார். ஆட்டம் முடிந்து அரங்கம் கலைந்த பிறகும் அவர் பெஞ்சில் தலை கவிழ்ந்தபடி நெடுநேரம் அமர்ந்திருந்தார்.

இந்த ஆட்டத்தின் சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் புகழ் மன்றத்தில் 1993இல் சேர்க்கப்பட்ட அவருக்கு, பித்தநாளங்களைச் சுருக்கும் அரிய கல்லீரல் நோய் வந்திருப்பது 1999 பிப்ரவரியில் உலகத்துக்குத் தெரியவந்தது. பித்தநாளத்தில் புற்றுநோயும் உண்டானதால் மாற்றுக் கல்லீரல் பொருத்தும் வழி அவருக்கு அடைபட்டது. அதன் பிறகும் உறுப்பு தானத்துக்காக அவர் குரல் கொடுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று, ஐம்பது வயதை எட்டாமலே, காலமானார். திடலில் சிறந்து விளங்குவதுடன் பொதுத்தொண்டும் செய்யும் வீரருக்கு லீக் ஆண்டுதோறும் வழங்கும் விருதை 1977இல் அவரே பெற்றிருந்தார். இப்போது அது அவர் பெயரிலேயே வழங்கப்படுகிறது.