வேப்பங்கொட்டைக்குள் 22 ஆண்டுகள்

அவையோருக்கு வணக்கம். முன்வரிசையில் இருக்கும் வேதியியல் இறுதியாண்டு மாணவர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம், ஏனென்றால் இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான்.

ஒரு சின்ன டப்பாவில் வேப்பம்பருப்பு கொண்டுவந்திருக்கிறேன். கைமாற்றிக்கொண்டே போங்கள். போன ஆடி மாதம் எங்கள் தெருமரத்தடியில் பொறுக்கிய பழம். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஓட்டை உடைத்தெடுத்த பருப்பு. நகத்தால் கீறி முகர்ந்து பாருங்கள். பூண்டு மாதிரி ஒரு நெடி வரும். கீறிய விரலை நாக்கில் வைத்தால் கசப்பு. அந்தக் கசப்புக்குப் பின்னால் பல பொருள்கள் இருக்கின்றன. அந்தப் பருப்பில் இருக்கிற ஒரே ஒரு பொருளைப் பற்றியும், அதைச் செய்து முடிக்க 22 ஆண்டுகள் செலவிட்ட ஒரு பேராசிரியரைப் பற்றியும் பேசப்போகிறேன்.

பொருளின் பெயர் அசாடிராக்டின். பேராசிரியர் ஸ்டீவன் லே, இங்கிலாந்துக்காரர்.

கதை சூடானில் ஆரம்பிக்கிறது. 1959இல் அங்கே ஒரு வெட்டுக்கிளிப் படையெடுப்பு. பச்சையாக இருந்ததையெல்லாம் தின்று தீர்த்த வெட்டுக்கிளிகள் வேப்பமரத்தை மட்டும் விட்டுவிட்டுப் போயின. அதை நேரில் கவனித்தவர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர். அதன் பிறகு 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் என்ற இருவர் வேப்பம்பருப்பிலிருந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். சாற்றைப் பகுதி பகுதியாகப் பிரிப்பது, ஒவ்வொரு பகுதியையும் வெட்டுக்கிளிக்கு முன் வைப்பது, எதை அது தொட மறுக்கிறதோ அதை மட்டும் மேலும் பிரிப்பது என்று போனார்கள். வழிகாட்டியது பூச்சியின் வாய்தான். உணவில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே பாலைவன வெட்டுக்கிளி வாய் வைக்காது.

சரி, பொருள் கிடைத்துவிட்டது. அதன் உருவம் என்ன? 35 கார்பன், 44 ஹைட்ரஜன், 16 ஆக்சிஜன். எண்ணிக்கையைச் சொல்வது எளிது. எது எதோடு சேர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதில்தான் சிக்கல். இந்த மூலக்கூறில் 16 கைரல் மையங்கள், அதாவது இடக்கை வலக்கை போல அமைப்பு மாறக்கூடிய கார்பன்கள். ஒவ்வொன்றும் இடது, வலது என இரண்டு வகையில் அமையலாம். இரண்டை 16 முறை பெருக்கிப் பாருங்கள், 65,536 வரும். அத்தனை அமைப்புகளில் வேப்பமரம் செய்வது ஒன்றே ஒன்று. 1975இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நகானிஷி குழு ஓர் அமைப்பை முன்வைத்தது. அதில் சில இடங்கள் சரியில்லை. சரியான அமைப்பு வெளிவந்தது 1985இல். நகானிஷி குழு, ஜெர்மனியில் கிராஸ் குழு, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் லேயின் குழு என மூன்று இடங்களின் உழைப்பு அது.

அந்த ஆண்டில்தான் லே இதைச் செயற்கையாகத் தொகுக்கும், அதாவது சிறிய மூலக்கூறுகளிலிருந்து ஆய்வகத்திலேயே கட்டியெழுப்பும், வேலையைத் தொடங்கினார். 1945இல் ஸ்டாம்ஃபோர்டில் பிறந்தவர். லஃப்பரோவில் முனைவர் பட்டம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் மேலாய்வு, பிறகு நோபல் பரிசு பெற்ற டெரெக் பார்ட்டனிடம் இம்பீரியல் கல்லூரியில் வேலை. 1975இல் அங்கேயே ஆசிரியர். தொடங்கும்போது 40 வயதை எட்டிக்கொண்டிருந்தார். நடுவில் 1992இல் கேம்பிரிட்ஜுக்கு மாறினார். ஆள் மாறிய இடத்துக்கு மூலக்கூறும் கூடவே போனது. முடித்தது 2007இல், 61 வயதில்.

பல ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: "சார், மரம் சும்மா தருது. ஒரு மூட்டை வேப்பமுத்து வாங்கினாப் போதுமே. எதுக்கு 22 வருஷம்?" நியாயமான கேள்வி. அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவாக இல்லை. இன்று சரியாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் கணக்கு. லே குழுவின் பாதையில் மொத்தம் 71 படிகள். ஆய்வகத்தில் 'ஈல்டு' என்கிறோமே, அந்த மகசூல் மொத்தத்தில் 0.00015 சதவீதம். அதாவது பத்து லட்சம் மூலக்கூறுகளோடு கிளம்பினால் ஊர் போய்ச் சேர்வது ஒன்றோ இரண்டோ. கேட்டவுடன் தோல்வி மாதிரி இருக்கும். ஆனால் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். 71 படிகளில் இந்த மகசூல் வர, சராசரியாக ஒவ்வொரு படியிலும் 83 சதவீதம் கிடைத்திருக்க வேண்டும். உங்கள் செய்முறை வகுப்பில் ஒரு படியில் 83 சதவீதம் வந்தால் நான் நோட்டில் 'மிக நன்று' என்று எழுதுவேன். எழுபத்தோரு 'மிக நன்று'களை வரிசையாகப் பெருக்கினால் மிஞ்சுவது இவ்வளவுதான். இந்தத் துறையில் இருப்பவன் இந்தப் பெருக்கலோடுதான் வாழ்கிறான்.

எனக்கும் அதில் கொஞ்சம் பங்குண்டு. முனைவர் பட்டக் காலத்தில், இதைவிட மிகச் சிறிய ஒரு மூலக்கூறில், 11ஆவது படிக்குப் பிறகு என் கையில் இருந்தது 40 மில்லிகிராம். எட்டு மாத உழைப்பு. இரவு பத்து மணிக்கு ரோட்டாவேப்பில், அதாவது குடுவையைச் சுழற்றி வெற்றிடத்தில் ஆவியாக்கும் கருவியில், கரைப்பானை ஓட்டும்போது வெற்றிடத்தைச் சட்டென்று கூட்டிவிட்டேன். கரைசல் பொங்கிக் குடுவையை விட்டு வெளியேறி, கிளிப் போடாத குடுவையும் கழன்று, எல்லாம் சேர்ந்து தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. தொட்டித் தண்ணீர் முழுவதையும் எத்தில் அசிட்டேட்டால் திரும்பத் திரும்பக் குலுக்கிப் பிரித்து, விடிவதற்குள் 14 மில்லிகிராம் மீட்டேன். அன்றிலிருந்து கிளிப் போடாத குடுவையைப் பார்த்தால் என் கை தானாக நீளும். இந்தக் கையைத்தான் இந்தத் துறை எனக்குக் கொடுத்தது.

இப்போது அசாடிராக்டினில் உண்மையில் எது கடினம் என்று பார்ப்போம். நம் ஊர் வேளாண் அலுவலர்கள் விவசாயிக்கு ஒன்று சொல்வார்கள்: ஐந்து கிலோ வேப்பம்பருப்பை இடித்து ஊறவைத்து நூறு லிட்டர் சாறாக்குங்கள், அதை மாலையில் தெளியுங்கள். ஏன் மாலையில்? வெயில் பட்டால் அசாடிராக்டின் சிதைந்துவிடும். அமிலம் பட்டாலும் காரம் பட்டாலும் அப்படித்தான். விவசாயிக்கு அது ஒரு நேரக் கட்டுப்பாடு. தொகுப்பு வேதியியலாளனுக்கோ கைவசம் இருக்கிற வினைபொருள்களில் பாதியைத் தொடவே முடியாது என்று அர்த்தம்.

மூலக்கூறை இரண்டு பாதியாகச் செய்து கடைசியில் இணைப்பது அவர்கள் திட்டம். இரண்டு பாதிகளும் தயாராகிவிட்டன. இணைய வேண்டிய இடம் எட்டாவது கார்பனும் பதினான்காவது கார்பனும். இரண்டையும் சுற்றி மற்ற அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் எதிரெதிரே மாட்டிக்கொண்ட இரண்டு பேர் மாதிரி, ஒருவரையொருவர் பார்க்கலாம், தொட முடியாது. ஆண்டுக்கணக்கில் விதவிதமாக முயன்றும் அந்தப் பிணைப்பு அமையவில்லை. கடைசியில் கைகொடுத்தது உங்கள் பாடத்தில் இருக்கும் ஒரு வினை. லுட்விக் கிளெய்சன் 1912இல் சொன்ன மறுசீரமைப்பு. கார்பனையும் கார்பனையும் நேரடியாகச் சேர்க்கப் பார்க்காமல், கூட்டத்துக்கு வெளியே கை நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆக்சிஜன் வழியாக முதலில் இரண்டு பாதிகளையும் கட்டினார்கள். கட்டியதும் இரண்டும் ஒரே மூலக்கூறு ஆகிவிட்டன, இனி விலகி ஓட முடியாது. அப்புறம் மைக்ரோவேவில் சூடேற்றியபோது ஆக்சிஜன் தன் பிடியை விட, பிணைப்பு இடம் மாறி எட்டும் பதினான்கும் சேர்ந்துகொண்டன. தேர்வுக்காக நாம் மனப்பாடம் செய்து மறந்துவிடுகிற வினை அது. எனக்கு இந்த இடத்தை எத்தனை முறை சொன்னாலும் அலுக்காது.

கடைசிப் படிகளைப் பழக அவர்கள் இன்னொரு வழி வைத்திருந்தார்கள். வேம்பிலிருந்து எடுத்த அசாடிராக்டினையே படிப்படியாகப் பிரித்து, தங்கள் பாதையில் வர வேண்டிய இடைப்பொருளாக்கி, அதிலிருந்து திரும்ப மேலே ஏறிப் பார்த்தார்கள். கட்டியதைப் பிரித்து, பிரித்ததைக் கட்டிப் பழகியதால் அந்த மூலக்கூறின் குணம் மூலைமுடுக்கெல்லாம் அவர்களுக்கு அத்துப்படியானது. நடுவில் செய்த துண்டுகளும் வீணாகவில்லை. பூச்சியியலாளர்கள் பிளேனி, சிம்மண்ட்ஸ் ஆகியோருடன் சேர்ந்து, எந்தப் பகுதி பூச்சியின் வாயைக் கட்டுகிறது என்று புழுக்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். மரத்திலிருந்து வெறுமனே பிரித்தெடுத்தவருக்கு இந்தத் துண்டுகளில் பல கிடைத்திருக்கவே கிடைத்திருக்காது. அந்த மாணவிக்கு என் பதில் இதுதான் அம்மா: ஒரு மூட்டை வேப்பமுத்து பொருளைத் தரும். அதைச் செய்து பார்த்தவனுக்குத்தான் அது எங்கே உடையும், எங்கே உடையாது, எது இல்லாமலும் வேலை செய்யும் என்று தெரியும்.

லேயின் பெயரை நீங்கள் வேறோர் இடத்திலும் சந்திப்பீர்கள். டிபாப் என்று சுருக்கமாகச் சொல்லும் ருத்தீனியம் சேர்மம். 1987இல் இம்பீரியல் கல்லூரியின் கனிம வேதியியலாளர் கிரிஃபித்தும் லேயும் சேர்ந்து அறிமுகப்படுத்தியது. சிட்டிகையளவு போட்டால் போதும், ஆல்கஹாலை ஆல்டிஹைடாக மாற்றி, அமிலம் வரை போகவிடாமல் அங்கேயே நிறுத்திவிடும், அறை வெப்பநிலையில். உலகம் முழுக்க இன்றும் பயன்படுத்துகிறார்கள். பெரிய மூலக்கூறுகளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்குத்தான் இப்படி மென்மையான கருவிகள் தேவைப்படுகின்றன.

இது வெளிநாட்டில் மட்டும் நடந்த கதை இல்லை. சென்னையில் 1915இல் பிறந்த டி. ஆர். கோவிந்தாச்சாரி, இல்லினாய்ஸில் ரோஜர் ஆடம்ஸிடம் பணியாற்றிவிட்டு மாநிலக் கல்லூரிக்குத் திரும்பி வந்தவர். மூலக்கூறின் அமைப்பைப் படிக்க இன்றிருக்கிற என்எம்ஆர் கருவி வசதி அன்று சென்னையில் கிடையாது. அந்த நிலையில் நம் வேலியோரக் கொடியான நஞ்சறுப்பானின் ஆல்கலாய்டு (நைட்ரஜன் உள்ள தாவரப் பொருள்) டைலோஃபோரினை ஆராய்ந்து, 1961இல் தொகுத்தும் காட்டினார் அவரும் அவர் மாணவர்களும். பிறகு பம்பாயில் சீபா ஆய்வு மையத்தின் இயக்குநர். வயதான காலத்தில் சென்னைக்கே திரும்பி, ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில், 75 வயதைத் தாண்டிய பிறகு எதில் உட்கார்ந்தார் தெரியுமா? இதே வேப்பங்கொட்டையில். அசாடிராக்டின் ஹெச், அசாடிராக்டின் ஐ என்று இரண்டு புதிய உறவினர்களைக் கண்டுபிடித்து 1992இல் வெளியிட்டார்கள். அந்த வயதில் ஒரு மனிதர் காலையில் எழுந்து வேப்பம்பருப்புச் சாற்றைப் பிரிக்கப் போகிறார் என்றால், அந்த ஆசை எனக்குப் புரிகிறது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். 22 ஆண்டுகளில் லேயின் ஆய்வகத்தில் இந்த மூலக்கூறில் வேலை செய்தவர்கள் 40 பேருக்கு மேல். அதில் பெரும்பாலோர் மூன்று, நான்கு ஆண்டு உழைத்து, ஒரு துண்டைச் செய்து, அல்லது அந்த எட்டு-பதினான்கு பிணைப்பு அமையவில்லை என்று எழுதி வைத்துவிட்டு, பட்டம் வாங்கிக்கொண்டு போனவர்கள். முடிவைப் பார்த்தது கடைசியாக இருந்த சிலர். ஆனால் 'இந்த வழி போகாது' என்று முன்னால் ஒருவர் எழுதி வைக்காமல் பின்னால் வந்தவர் கிளெய்சனிடம் போயிருக்க மாட்டார். உங்களில் சிலர் ஆராய்ச்சிக்குப் போவீர்கள். உங்கள் ஆய்வேட்டின் மூன்றாவது இயலில் 'வினை நிகழவில்லை' என்று பத்து முறை எழுத வேண்டி வரலாம். அதைத் தெளிவாக, வெப்பநிலையும் நேரமும் அளவும் குறிப்பிட்டு எழுதுங்கள். யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தைத் தேடி வருவார்.

கடைசியாக ஒரு செய்முறைச் சங்கதி. செயற்கையாகச் செய்ததும் இயற்கையில் இருப்பதும் ஒன்றுதானா என்று எப்படித் தெரியும்? என்எம்ஆர் நிறமாலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு முகடாக ஒப்பிடுவார்கள். அதற்கு முன், எந்த ஆய்வகத்திலும், முதலில் கை போவது டிஎல்சி தட்டுக்குத்தான், கலவையில் இருக்கும் பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் சிறு தட்டு அது. இடது பக்கம் மரத்தினுடையது, வலது பக்கம் நம்முடையது, நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொட்டு வைத்த புள்ளி. கரைப்பான் ஏறி முடித்து, தட்டை எடுத்து ஊதி உலர்த்தி, சாயத்தில் முக்கிச் சூடு காட்டும் அந்த அரை நிமிடம் யாரும் பேச மாட்டார்கள். நடுப்புள்ளி இரண்டாகப் பிரியாமல் ஒன்றாக நின்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

நம் ஆய்வகத்தில் அசாடிராக்டினைத் தொகுக்க முடியாது. ஆனால் இந்தப் பருப்பிலிருந்து எடுத்த சாறு என்னிடம் இருக்கிறது. எண்ணெயை ஹெக்சேனில் நீக்கிவிட்டு மெத்தனாலில் பிரித்தது. நாளை காலை பத்து மணிக்கு, சாற்றில் இருக்கும் பொருள்களைப் பிரிக்கும் கண்ணாடிக் குழாயில், 'காலம்' (column) ஓட்டப்போகிறேன். வருகிறவர்கள் கோட்டும் கண்ணாடியும் எடுத்துவாருங்கள். டப்பாவில் மீதி இருக்கும் பருப்பைக் கடைசி வரிசையில் இருப்பவர் என்னிடம் திருப்பித் தந்துவிடுங்கள், அதுவும் வேண்டும்.