பிறந்த அன்றைக்கே ஏன் ஊசி?

தாய்மார்களே, பெரியவர்களே, வணக்கம்.

பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துப் பாட்டிமார் பிரசவ வார்டு வாசலில் கேட்பது இதுதான்: "பச்சப்புள்ளைக்கு இன்னைக்கே எதுக்கும்மா ஊசி? காமாலைதானே, வந்தா கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாப் போச்சு." நியாயமான கேள்வி. பதில் சொல்லியே ஆகவேண்டும்.

காமாலையில் பல வகை உண்டு. கெட்ட தண்ணீரால் வருவது பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். பேர் மட்டும் கீழாநெல்லிக்குப் போய்ச் சேரும். ஹெபடைடிஸ் பி என்ற கிருமியால் வருவது அப்படியல்ல. அது ரத்தத்தின் வழியாகவும், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுவது. பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்கு 95 பேர் தேறிவிடுவார்கள். பிறக்கும்போதே தொற்றினால் கணக்கு தலைகீழ்: சுமார் 90 பிள்ளைகளின் உடம்பில் கிருமி நிரந்தரமாகக் குடியேறிவிடும். கண்ணில் மஞ்சள்கூடத் தெரியாது. கடலுக்குப் போய்ச் சம்பாதிக்கிற வயதில் ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ தலைகாட்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை 24 மணி நேரத்துக்குள் போடவேண்டும் என்று செவிலியர் அவசரப்படுத்துவது அதனால்தான். 6, 10, 14ஆவது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்த் தடுப்பூசியிலும் இந்த மருந்து இருக்கிறது. ஆனால் முதல் நாள் ஊசியின் வேலையை அது செய்யாது.

தைவான் 1984-லேயே கிருமி உள்ள தாய்மாரின் குழந்தைகளுக்கு இதைப் போடத் தொடங்கி, 1986-ல் எல்லாக் குழந்தைகளுக்கும் விரிவாக்கியது. அங்கே பிள்ளைகளுக்கு வரும் ஈரல் புற்றுநோய் குறைந்ததைக் கண்கூடாகக் கண்டார்கள். 1992-ல் உலக சுகாதார நிறுவனம் எல்லா நாடுகளையும் கேட்டுக்கொண்டது. நம் நாட்டில் 2002-ல் சோதனை முறையில் தொடங்கி, நாடு முழுக்க வர 2011 ஆயிற்று. தாமதம்தான், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஐஸ் பெட்டி பற்றி இந்தக் கரைக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். மீனுக்கு ஐஸ் அதிகமானால் கெடுதல் இல்லை. இந்த மருந்து உறைந்தால் வீரியம் போயிற்று, உருகினாலும் திரும்பாது. 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். எனவே கிராமச் செவிலியர் ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் பெட்டியில் அடுக்கமாட்டார். அது வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பொறுத்திருப்பார். "ஊசி போட வந்துட்டு சும்மா நிக்கிறாங்களே" என்று யாரும் முணுமுணுக்காதீர்கள்.

வீட்டுக்குக் கிளம்பும் முன் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பாருங்கள். பிறந்த அன்று போட்ட ஹெபடைடிஸ் பி கட்டத்தில் தேதி இல்லையென்றால், அங்கேயே நின்று கேளுங்கள்.