துடிக்கும் ஒளி

நேயர்களுக்கு வணக்கம். ஹெர்குலிஸ் விண்மீன் குழுவில் எச்.இசட். ஹெர்குலிஸ் என்றொரு விண்மீன் உண்டு. வெறும் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்கு மங்கியது. அதன் ஒளி கூடிக் குறைவதை ஜெர்மானிய வானியலாளர் குனோ ஹாஃப்மைஸ்டர் 1936இல் கண்டறிந்தார். காரணம் தெரிய மேலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கென்யக் கடற்கரைக்கு அப்பாலிருந்து 1970 டிசம்பரில் ஏவப்பட்ட உகுரு செயற்கைக்கோள், அதே இடத்திலிருந்து 1.24 வினாடிக்கு ஒருமுறை துடிக்கும் எக்ஸ் கதிர்கள் வருவதைக் கண்டது. அங்கே இருப்பது ஓர் இணை. பெரிய விண்மீன் வெடித்தபின் எஞ்சும் மிக அடர்ந்த சிறு உருண்டையான நியூட்ரான் விண்மீன் ஒன்று, துணை விண்மீனான எச்.இசட். ஹெர்குலிஸின் வாயுவை உறிஞ்சியபடி 1.24 வினாடிக்கு ஒருமுறை சுழல்கிறது. எக்ஸ் கதிர்த் துடிப்பு அதனுடையதே. இரண்டும் 1.7 நாளில் ஒன்றையொன்று சுற்றி வருகின்றன. துணை விண்மீனில் எக்ஸ் கதிர் தாக்கும் பக்கம் கொதித்து ஒளிர்கிறது. அந்தப் பக்கம் நம்மை நோக்கும்போது பிரகாசம் ஏறுகிறது.

அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் 1.24 வினாடிக்கு ஒருமுறை துடிக்க வேண்டுமே? துடிக்கத்தான் செய்கிறது, ஆனால் மொத்த ஒளியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுக்கே. துணை விண்மீனின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்குச் செல்ல ஒளிக்கே பல வினாடிகள் ஆகும். நீண்ட கோயில் பிராகாரத்தில் விடாமல் கைதட்டினால் எதிரொலிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பிவிடும் அல்லவா? அதுபோலத் துடிப்புகள் கலந்து கரைந்துவிடுகின்றன. சுற்றுப்பாதையின் சில கட்டங்களில் மட்டும் கொஞ்சம் தப்பிப் பிழைக்கிறது.

கலிஃபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஜான் மிடில்டிச், ஜெர்ரி நெல்சன் இருவரும் அந்த மிச்சத்தைப் பொறுமையாகத் தேடிப் பிடித்தார்கள். அவர்கள் 1976இல் வெளியிட்ட முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். எக்ஸ் கதிர்த் துடிப்பு நியூட்ரான் விண்மீனின் ஓட்டத்தை மட்டுமே காட்டும். துணையின் மேற்பரப்பில் பிறக்கும் ஒளித் துடிப்போ, அந்தத் துணையின் ஓட்டத்துக்கு ஏற்பக் கால அளவில் இம்மி பிசகும். அந்தப் பிசகை அளந்து இரண்டையும் எடைபோட்டார்கள். நியூட்ரான் விண்மீனின் நிறை சூரியனைப் போல் சுமார் 1.3 மடங்கு என்று வந்தது. எக்ஸ் கதிர் வானியல் என்றதும் செயற்கைக்கோள்களையே பேசுகிறோம். இந்த அளவீட்டின் சரிபாதி, தரையிலிருந்த தொலைநோக்கிக்கு உரியது.

எல்லா ஒளித் துடிப்பும் இப்படி இரவல் அல்ல. கேனரித் தீவுகளில் லா பால்மாவிலுள்ள 3.58 மீட்டர் கலிலியோ தொலைநோக்கியில், ஒவ்வோர் ஒளித்துகளின் வருகை நேரத்தையும் பதியும் கருவியைப் பொருத்தி, பி.எஸ்.ஆர். ஜே1023+0038 என்ற இணையை இத்தாலிய ஆய்வாளர்கள் கவனித்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. அதன் ஒளி வினாடிக்கு 592 முறை துடிக்கிறது. இவ்வளவு வேகமான துடிப்பு துணை விண்மீனில் பட்டுத் திரும்பியிருந்தால் வழியிலேயே அழிந்திருக்கும். ஆகவே அது நியூட்ரான் விண்மீனுக்கு வெகு அருகிலேயே பிறந்தாக வேண்டும். அதிலிருந்து வீசும் துகள் காற்று, சுற்றியுள்ள வாயு வட்டின் உள்விளிம்பில் மோதும் இடத்தில் இந்த ஒளி உண்டாகலாம் என்பது 2019இல் முன்வைக்கப்பட்ட விளக்கம்.