முதலில் கேட்க வேண்டியது: எப்போதிலிருந்து?

அனைவருக்கும் வணக்கம்.

2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியதிலிருந்து, பெண் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். முதியோர் உதவித்தொகை விஷயமாகவோ தொண்டு நிறுவனத்தின் சார்பிலோ சமூகப் பணியாளர்களும் அதே வீட்டுப் படி ஏறுகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மனநல மருத்துவரைத் தேடித் தானாகப் போகப்போவதில்லை. அவரிடம் ஏதோ சரியில்லை என்று முதலில் கவனிக்கக்கூடியவர்கள் இவர்கள்தான். முதியோர் மனநலம் பற்றி இவர்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பது?

நோய்ப் பெயர்களை வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். "எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்கப் பழக்குங்கள்.

எழுபது வயது அம்மா ஒருவர். சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், மகளைப் பார்த்து யாரென்கிறார், ராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு கிளம்புகிறார். "வயசாயிடுச்சு, புத்தி மாறிப்போச்சு" என்கிறது வீடு. எப்போதிலிருந்து? "முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாங்க." பணியாளர் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய இடம் இது. மறதிநோய் இரண்டு நாளில் வராது. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் சோடியம் என்ற உப்பு இறங்கியது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை என்று உடம்பில் ஏதோ ஒன்று மூளையைக் குழப்பியிருக்கலாம். டெலிரியம் என்பார்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும்.

"ரெண்டு மூணு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா" என்றால் மறதிநோயா, அதாவது டிமென்ஷியாவா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். "அவர் போனதிலிருந்தே சரியாச் சாப்பிடுறதில்லை, டிவிகூடப் போடுறதில்லை" என்றால் மனச்சோர்வாக இருக்கலாம். மூன்றும் ஒருவரிடமே கலந்தும் வரும். அதைப் பிரித்தறிவது டாக்டர் வேலை. சரியான தகவலோடு அனுப்பிவைப்பது பணியாளர் வேலை.

மனச்சோர்வில் இருக்கும் பெரியவர் "மனசு சரியில்லை" என்று பெரும்பாலும் சொல்லமாட்டார். உடம்பு எரியுது, பசி இல்லை, தூக்கம் வரலை என்பார். ஆனால் வயதானவர்களுக்கு வலியும் தூக்கக் குறைவும் எப்படியும் இருக்குமே! அதனால்தான் முதியோருக்கென்று 1980களில் உருவான மனச்சோர்வு அளவுகோல் உடல் உபாதைகளைத் தவிர்த்துவிட்டுப் பெரும்பாலும் மனநிலையைப் பற்றியே கேட்கிறது. அதன் குறுகிய வடிவத்தில் 15 கேள்விகள், ஆம் இல்லை என்று பதில். சரி, ஆனால் மகன் பக்கத்தில் நிற்கும்போது வாழ்க்கை திருப்தியா என்று கேட்டால் எந்தத் தாய் இல்லை என்பாள்? தனியாகப் பேச இடம் பண்ணிக்கொள்வதையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்கப் பணியாளர்கள் தயங்குகிறார்கள், நாமே எண்ணத்தை விதைத்துவிடுவோமோ என்று. விதைக்காது. கேளுங்கள். வீட்டில் பூச்சிமருந்து எங்கே இருக்கிறது என்றும் கேளுங்கள். சாகும் எண்ணம் வருகிறது என்றால் அவரைத் தனியே விட்டுவிட்டு வராதீர்கள். அரசின் இலவச மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416 கையில் இருக்கட்டும்.

இதெல்லாம் பட்டம் இல்லாதவர்களால் ஆகுமா? கோவாவில் 60 வயது கடந்த, லேசான மனச்சோர்வு அறிகுறிகள் இருந்த 181 பேரிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் பிரச்சினைகளை ஒவ்வொன்றாகத் தீர்க்க வழி சொல்லித்தந்தார்கள், தூக்கத்தைச் சீர்செய்தார்கள், சர்க்கரை நோயைக் கவனித்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தார்கள், அரசு உதவிகளைப் பெறவும் துணைநின்றார்கள். ஓராண்டில் முழு மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் அந்தக் குழுவில் சுமார் 4 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் சுமார் 14. நின்றுபோன உதவித்தொகையை மறுபடி வரவைப்பதையும் மனநல வேலையாகவே நான் பார்க்கிறேன். அலுவலகங்களில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒன்று. இரண்டு நாள் பவர்பாயிண்ட், பிரியாணி, சான்றிதழ், குரூப் போட்டோ என்று முடித்துவிடுகிறோம். காலையில் வகுப்பு, பிற்பகலில் ஒரு வீடு என்று மாற்றுங்கள். அப்புறம் பணியாளர்கள் மாதம் ஒருமுறை மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரோடு உட்கார்ந்து, போன மாதம் பார்த்தவர்களைப் பற்றிப் பேசட்டும். அதற்கு நேரம் ஒதுக்க முடியாதென்றால் பயிற்சியையே தள்ளிப்போடுங்கள். கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, வந்த பதிலை வைத்துக்கொண்டு அந்தப் பெண் யாரிடம் போவாள்?