முதலில் பெயர், பிறகு விசா

வணக்கம் நேயர்களே. வெளிநாட்டில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலைக்கு எப்படிப் போவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். நான் மாலைதீவில் ஆறு வருடம் படிப்பித்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பியவன். "சேர், எந்த நாட்டுக்கு விண்ணப்பிக்கலாம்?" என்று கேட்டுக்கொண்டு இன்றைக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "உங்கள் பெயரை ஆங்கிலத்தில் எப்படி எழுதுகிறீர்கள்?"

காரணம் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பிள்ளை, புதுக்குடியிருப்புப் பக்கம். ஆங்கிலத்தில் பட்டம் முடித்தவள். மாலைதீவுப் பாடசாலை ஒன்று நேர்முகம் வைத்துத் தெரிவும் செய்துவிட்டது. பத்திரங்களை அனுப்பினாள். ஒரு கிழமையில் பதில் வந்தது: இந்த மூன்று பேரும் ஒருவர்தானா?

'த'வில் தொடங்கும் பெயர். பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்தவர் அதற்கு ஆங்கில 'ரி' (T) போட்டிருந்தார். பட்டச் சான்றிதழில் 'ரி எச்' (Th). கடவுச்சீட்டில் 'டி' (D). அப்பாவின் பெயர் ஓரிடத்தில் வெறும் முதலெழுத்து, இன்னோரிடத்தில் முழுப்பெயர். நாங்கள் வாசித்தால் ஒரே பெயர்தான். விசாவுக்குப் பத்திரம் பார்ப்பவருக்குத் தமிழ் தெரியாது. அவர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்ப்பார்.

2009 இல் அவளுடைய குடும்பம் சொப்பிங் பையில் சுற்றி முள்ளிவாய்க்கால் வரை கொண்டுபோன பத்திரங்களில் பாதி அங்கேயே போய்விட்டன. பிறகு எடுத்தவை எல்லாம் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொருவர் கையால் எழுதப்பட்டவை. வன்னியில் எத்தனை வீடுகளில் இதே நிலை! திருத்தி முடிக்க நாலு மாதம் போனது. அதற்குள் தவணை தொடங்கி, அந்த இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள். அந்தக் கடிதத்தை மடிப்பதும் விரிப்பதுமாக அவள் என் விறாந்தையில் இருந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்த வருடம் வேறொரு தீவுப் பாடசாலைக்குப் போனாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆகவே கடவுச்சீட்டையும் சான்றிதழ்களையும் இன்றிரவே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். திருத்தக்கூடியதைத் திருத்துங்கள். முடியாததற்கு, இரண்டு பெயரும் ஒருவரே என்று சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசி முடிக்கலாம். ஆனால் எல்லா நாடும் அதை ஏற்கும் என்று இருந்துவிட வேண்டாம். சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பும் பிள்ளைகளின் அம்மா அப்பாமாரே, அந்தப் படிவத்தில் எழுதும் ஆங்கில எழுத்துத்தான் பிள்ளையோடு கடைசிவரை வரும். ஒருமுறை வாங்கிப் பாருங்கள்.

சான்றிதழ்களை வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்த வேண்டி வரும். யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது, கொழும்புக்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை. பொலிஸ் நற்சான்றிதழை மட்டும் முன்கூட்டியே எடுத்து வைக்காதீர்கள், பழையதானால் ஏற்கமாட்டார்கள்.

சரி, எந்த நாடு? தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியருக்கான ஈ-2 விசா அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா என்ற ஏழு நாட்டவரை வைத்தே அமைந்தது. அங்கே எங்களுக்குக் கதவு திறக்காததற்குக் காரணம் கடவுச்சீட்டு. உங்கள் ஆங்கிலத்தில் குறையில்லை, அதை மனதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தாய்லாந்தில் ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்களிடம் ஐஎல்ட்ஸ் போன்ற பரீட்சைப் புள்ளி கேட்பார்கள். ஐஎல்ட்ஸ் முடிவு இரண்டு வருடம்தான் செல்லும், அதையும் கணக்கில் வையுங்கள். மாலைதீவில் பாடசாலைக் கல்வி பெரும்பாலும் ஆங்கில மொழியில்தான். இலங்கை ஆசிரியர்கள் அங்கே நெடுங்காலமாகப் படிப்பிக்கிறார்கள்.

இனி விசா. மாலைதீவில் இறங்கும் எங்கள் நாட்டவருக்கு 30 நாள் சுற்றுலா விசா கொடுப்பார்கள். "அதில் போய் இறங்கு, மிச்சத்தை நாங்கள் பார்க்கிறோம்" என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் படிப்பிப்பது சட்டவிரோதம். வேலைக்கான அனுமதியை அங்குள்ள பாடசாலை முதலில் எடுக்க வேண்டும். அந்தக் கடிதம் கையில் இருந்தால்தான் விமானம் ஏற வேண்டும். அதிலும் உங்கள் பெயரை எழுத்துக்கு எழுத்துப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். நேர்முகத்தில் பத்து நிமிடம் வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்வார்கள், அதைப் பற்றி நிறையச் சொல்ல இருந்தேன். அதை விட அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். தாய்லாந்தில் வேலை, டுபாயில் வேலை என்று நம்பிப் போன எங்கள் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவாடிப் பக்கம் இணைய மோசடி முகாம்களில் அடைபட்டிருந்தார்கள். அதனால் ஏஜென்சிக்கு ஒரு ரூபாய் கொடுக்கும் முன்னரே அதற்கு உரிமம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திடம் கேளுங்கள். இலக்கம் 1989. எழுதிக்கொள்ளுங்கள், ஒன்று, ஒன்பது, எட்டு, ஒன்பது. புறப்படும் முன் அங்கே பதிவும் செய்யுங்கள். நன்றி, வணக்கம்.