கல் உடைந்துவிட்டது, துண்டு ஏன் போகவில்லை?

நேயர்களுக்கு வணக்கம். சிறுநீரகக் கல்லுக்கு அதிர்வலை சிகிச்சை, அதாவது உடம்புக்கு வெளியிலிருந்து அலையைச் செலுத்திக் கல்லை உடைக்கும் சிகிச்சை எடுத்தவர்கள் சில வாரம் கழித்து ஸ்கேன் ரிப்போர்ட்டோடு வந்து உட்காருவார்கள். "கல்லை உடைச்சாச்சுன்னு சொன்னீங்களே டாக்டர், இன்னும் துண்டு இருக்குன்னு போட்டிருக்கே?" என்று கேட்பார்கள். அந்த ஏமாற்றம் நியாயமானது. கல்லை உடைப்பதுதான் இயந்திரத்தின் வேலை, துண்டுகளை வெளியே தள்ளுவது உடம்பின் வேலை என்பதை நாங்கள் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த முறையில் முதல் நோயாளிக்குச் சிகிச்சை நடந்தது 1980 பிப்ரவரியில், ஜெர்மனியின் ம்யூனிக் நகரில். கிறிஸ்டியன் சௌசி என்ற மருத்துவரின் குழு செய்தது. கருவியைத் தயாரித்தது டோர்னியர் என்ற விமான நிறுவனம். அப்போது நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கித்தான் அலையைச் செலுத்தினார்கள். இன்று தொட்டி கிடையாது. தண்ணீர் நிரம்பிய ஒரு மெத்தையை முதுகில் அணைத்து, நடுவில் ஜெல் தடவுகிறோம். அந்த ஜெல்லில் சிறு காற்றுக்குமிழ் சிக்கினாலும் அலையின் பலம் அங்கேயே குறைந்துவிடும். ஜெல்லை அவ்வளவு தாராளமாகப் பூசுவதற்கும், கையால் தடவித் தடவிக் குமிழை விரட்டுவதற்கும் காரணம் இதுதான்.

அலை சரியாகப் போய்ச் சேர்ந்தாலும் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி உடையாது. யூரிக் அமிலக் கல் ஓரளவு எளிதில் உடையும். சிஸ்டின் கல்லும், கால்சியம் ஆக்ஸலேட் மோனோஹைட்ரேட் கல்லும் கெட்டியானவை. சி.டி. ஸ்கேனில் கல்லின் அடர்த்தி 1000 ஹவுன்ஸ்ஃபீல்டை (ஸ்கேனில் அடர்த்தியைச் சொல்லும் அலகு இது) தாண்டினாலே எங்களுக்கு யோசனை வந்துவிடும். கல் 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலும் அப்படித்தான். தோலுக்கும் கல்லுக்கும் நடுவே 10 சென்டிமீட்டருக்கு மேல் தூரம் இருந்தால், அதாவது உடல் பருமனாக இருந்தால், அலை பலவீனமாகித்தான் போய்ச் சேரும். மூச்சு விடும்போது சிறுநீரகமும் மேலும் கீழும் நகரும். அதனால் அலையின் சில அடிகள் கல் மேல் படாமலே போகும்.

"சீக்கிரம் முடிங்க" என்று அவசரப்படுத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் கல்லைச் சுற்றி நுண்குமிழ்கள் கிளம்பும். அவை அடங்குவதற்குள் அடுத்த அடி வந்தால், அந்த அடியைக் குமிழ்களே தடுத்துவிடும். நிமிடத்துக்கு 120 அடி கொடுப்பதைவிட 60 கொடுத்தால் கல் நன்றாக உடைகிறது. ஆகவே மெதுவாகச் செய்கிறார்களே என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

சரி, கல் நன்றாகவே உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது இருந்த இடம் சிறுநீரகத்தின் கீழ்க்கிண்ணம், அதாவது சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் கிண்ணங்களில் அடியில் இருப்பது என்றால்? பானையின் அடியில் மணல் தங்குவதுபோல் துண்டுகள் அங்கேயே தங்கும். கிண்ணத்தின் கழுத்து நீளமாகவோ குறுகலாகவோ இருந்து, கீழ்நோக்கி வளைந்தும் இருந்தால், எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் அவை மேலேறி வருவது கடினம். துண்டு மிஞ்சுவதற்கு இது பெரிய காரணம்.

வெளியே கிளம்பிய துண்டுகளும் சில சமயம் சிறுநீர்க்குழாயில் வரிசையாகச் சிக்கிக்கொள்ளும். ஜெர்மானியர்கள் இதற்கு 'கல் தெரு' என்று பெயர் வைத்தார்கள். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வலியே இல்லாமலும் அடைப்பு வரலாம் என்பதால்தான், நன்றாக இருக்கிறேன் என்று சொல்பவரையும் ஸ்கேனுக்கு வரச் சொல்கிறோம்.

4 மில்லிமீட்டருக்குள் இருக்கும் துண்டைப் 'பொருட்படுத்த வேண்டியதில்லை' என்று ஒரு காலத்தில் எழுதிவிடுவோம். இப்போது நான் அப்படிச் சொல்வதில்லை. அந்தத் துண்டே விதையாகிப் புதுக்கல் வளர்வதுண்டு. கிருமித்தொற்றால் உண்டான கல் என்றால் துண்டுக்குள்ளேயே கிருமி பதுங்கியிருக்கும், அதை மிச்சம் வைக்கவே கூடாது.

என்னிடம் வந்த ஒரு பெரியவர் டீ வடிகட்டியில் சிறுநீரை வடித்து, சிக்கியதை ஒரு பழைய மாத்திரை டப்பாவில் போட்டு எடுத்துவந்தார். கடுகைவிடச் சிறிய, பழுப்பு நிறத் துகள்கள் ஏழெட்டு இருந்தன. அவற்றைப் பரிசோதனைக்கு அனுப்பித்தான் அவருடைய கல் எந்த வகை என்று தெரிந்துகொண்டோம். எதைச் சாப்பிடலாம், எதைக் குறைக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் சொல்ல முடிந்தது. துகள்கள் 3 மாதம் வரைகூட வந்துகொண்டிருக்கும். அதுவரை தினமும் 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடியுங்கள். இருதயக் கோளாறோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 3 மாதம் கழித்தும் துண்டு நின்றால், மறுபடி அதிர்வலையா, உள்ளே செலுத்திப் பார்த்துக் கல்லை எடுக்கும் உள்நோக்கிக் கருவியா என்று அந்த ஸ்கேனைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம்.