கிராணி வச்ச ஃபைல்

வணக்கம் நேயர்களே. நான் நம்ம மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்து பெஸ்தாரி ஜெயாவுலேருந்து வந்திருக்கேன், பழைய ஆளுங்களுக்கு பத்தாங் பெர்ஜுந்தைன்னு சொன்னாத்தான் வெளங்கும், 2007ல பேர மாத்திட்டாங்க ஆனா எங்க வாய் இன்னும் மாறல. இத ஏன் மொதல்ல சொல்றேன்னா ஒரு தடவ இந்தப் பேராலயே எங்க ஊரு பசங்க புட்பால் டீம் ஒரு போட்டியில மாட்டிக்கிச்சு, பையனோட பொறப்புப் பத்திரத்துல பழைய பேரு, அப்பா ஐசில, அதான் அடையாள அட்டையில, புதுப் பேரு, பதிவு மேசையில இருந்தவரு இது ரெண்டு ஊரு, பையன் வேற ஊர்க்காரன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. பழைய தபால் கவரையெல்லாம் தேடி எடுத்துட்டுப் போயி காட்டி அன்னிக்கி ஆட வச்சோம்.

நான் ரப்பர் தோட்டத்து ஆபீஸ்ல கிராணியா, அதான் கணக்கு எழுதற குமாஸ்தாவா இருந்தவன். செக்ரோல்ங்கற ஆள் கணக்குப் புத்தகம் எழுதறது, பெரட்டுல, அதான் காலையில ஆளுங்கள நிக்க வச்சுப் பேரு கூப்புடற எடத்துல, யார் வந்தா யார் வரலன்னு குறிக்கிறது, அதான் வேல. சாயங்காலம் சின்னப் பசங்க புட்பால் டீமுக்கு செயலாளர், இருவத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. பந்த ஒதைக்கத் தெரியாது, ஒரு தடவ ஒதைச்சேன், செருப்புதான் கோலுக்குள்ள போச்சு. வானொலியில கூப்ட்டு விளையாட்டு பத்திப் பேசுங்கன்னு சொன்னப்ப, ஐயா எனக்கு விளையாட்டு தெரியாது, பாரம், அதான் பேரு பதியற படிவம், அது தான் தெரியும்னேன். சரி பாரத்தப் பத்தியே பேசுங்கன்னுட்டாங்க.

அப்பல்லாம் இந்த வேலைக்கு ஆளே தேவப்படல பாருங்க. லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீடுங்கள்ல, எல்லாப் பிள்ளைங்களும் ஒரே எடத்துல, திடல் லயத்துக்கு முன்னாடி, யாராவது ஒரு பையன் பந்த எடுத்துக்கிட்டு வெளிய வந்தா போதும், அஞ்சு நிமிஷத்துல ரெண்டு டீம் சேந்துடும். எவன் எவன் மவன்னு எல்லாருக்கும் தெரியும், வயசும் தெரியும், அவன் பொறந்தப்ப எந்த வீட்டுல என்ன கொழம்புன்னு கூடத் தெரியும். அந்தக் காலத்துல லயமே நிர்வாகம். ரப்பர் போயி செம்பனை வந்துச்சு, வேலைக்கு வெளிநாட்டு ஆளுங்க வந்தாங்க, நம்ம குடும்பங்க தாமான்ங்கற குடியிருப்பு, பிளாட்டுன்னு செதறிப் போச்சு, இப்ப பதினஞ்சு பிள்ளைங்கள ஒரு பிராக்டிஸுக்கு சேக்கணும்னா பதினஞ்சு அம்மாவுக்கு வாட்ஸ்அப் அனுப்பி, ரெண்டு வேன் பேசி, எவன் எந்த ஜங்ஷன்ல நிப்பான்னு எழுதி வைக்கணும். கோச்சு பாவம் வந்து விசில் ஊதுவாரு, அதுக்கு முன்னாடி அந்த விசிலுக்கு எத்தன போன் கால்னு அவருக்குத் தெரியாது.

சரி, ஃபைலுக்கு வரேன். என் வீட்டுல கேட்டா இவருக்கு ஃபைலுதான் மூத்த புள்ளன்னு சொல்வாங்க. ஒரு பையனுக்கு ஒரு பிளாஸ்டிக் கவர். பொறப்புப் பத்திரம் போட்டோஸ்டேட், பிள்ளைங்களுக்குத் தர்ற மைகிட் அட்டை போட்டோஸ்டேட், அம்மா அப்பா கையெழுத்து போட்ட அனுமதிக் கடிதம், பாஸ்போர்ட் சைஸ் படம் ரெண்டு, ஆஸ்துமா இருக்கா எந்த மருந்து ஒத்துக்காதுன்னு ஒரு சீட்டு. இதுல அந்தக் கடைசி சீட்டத்தான் எல்லாரும் விட்டுடுவாங்க. புகை மூட்டம் வர்ற மாசத்துல இன்ஹேலர் யாரு பையில இருக்குன்னு தேடிப் பாருங்க, அப்பத் தெரியும் அந்தச் சீட்டோட வெல.

ஐசி நம்பர் இருக்கே, அத நான் ஜாதகம் மாதிரி படிப்பேன். மொதல் ஆறு எண்ணு பொறந்த வருஷம் மாசம் தேதி, அடுத்த ரெண்டு பொறந்த மாநிலம், 10ன்னா சிலாங்கூர், 14ன்னா கோலாலம்பூரு, கடைசி எண்ணு ஒத்தைன்னா ஆம்பளப் புள்ள, ரெட்டைன்னா பொம்பளப் புள்ள. வயசுக் கணக்கு பொறந்த வருஷத்த வச்சுத்தான். அதனால ஜனவரில பொறந்தவனும் டிசம்பர்ல பொறந்தவனும் ஒரே வயசுன்னு கணக்கு, ஆனா பக்கத்துல நிக்க வச்சுப் பாருங்க, ஒருத்தன் தோள் இன்னொருத்தன் காதுக்கு வரும். என் ஃபைல ஒரு நாள் பொழுது போகாம பெரட்டிப் பாத்தேன், டீமுல எடுத்ததெல்லாம் வருஷ ஆரம்பத்துல பொறந்த பிள்ளைங்கதான் நெறைய. கோச்சுகிட்ட சொன்னேன், தெறமைய பாத்தீங்களா மாசத்த பாத்தீங்களான்னு. கோவிச்சுக்கிட்டாரு. ஆனா அடுத்த செலக்ஷன்ல டிசம்பர் பையன் ஒருத்தன உள்ள எடுத்தாரு, அதையும் சொல்லணும்ல.

பேரு எழுதறது தனி வேதன. விக்னேஸ்வரன்ங்கற பேர எத்தன விதமா எழுதலாம்னு நெனைக்கிறீங்க? ஒரு ஹெச் கூடப் போச்சுன்னா பாரத்துல ஒருத்தன், பத்திரத்துல வேறொருத்தன். வாயில கேட்டு எழுதாதீங்க, பத்திரத்தப் பாத்து எழுதுங்க. இத நான் எங்க கமிட்டியில நூறு தடவ சொல்லியிருக்கேன், இப்ப நூத்தி ஒண்ணு.

பத்திரமே இல்லாத பையன் ஒருத்தன் இருந்தான். பேரு வேணாம். கோல் கீப்பர், கை ரெண்டும் முறம் மாதிரி. பிராக்டிஸுக்கு மொதல்ல வருவான், கடைசியா போவான். மாவட்டப் போட்டிக்கு பாரம் எழுத ஒக்காந்தேன், பத்திரம் எங்கடான்னா அம்மா தரேன்னாங்கன்னான், மறுநாளும் அதே, அதுக்கு மறுநாளும் அதே. நானே மோட்டோவ எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போனேன். அவங்கம்மா ரொம்ப நேரம் பேசல, அப்புறம் ஒரு மைலோ டின்ன எடுத்துட்டு வந்தாங்க, அதுக்குள்ள ஒரு பழைய கிளினிக் கார்டு, தடுப்பூசி போட்ட தேதி எழுதினது, அவ்ளோதான். புள்ள பொறந்தா 60 நாளுக்குள்ள பதியணும், இவங்க வீட்டுலயே பெத்து, அப்பா எங்கயோ வேலைக்குப் போயி, அந்த நாளெல்லாம் தாண்டிப் போச்சு. தாண்டிட்டா அப்புறம் தாமதப் பதிவு, சாட்சி, கடிதம், இன்னிக்கி வா நாளைக்கி வா.

எத்தன பேரு இப்படின்னு கேக்காதீங்க, தோட்டத்துல வேல பாத்த கிராணிமாருங்களுக்குத் தெரியும். கோயில்ல தாலி கட்டி பதிவு பண்ணாத கல்யாணம் இருக்கு பாருங்க, 1982லேருந்து முஸ்லிம் அல்லாதவங்க கல்யாணத்தப் பதியணும்னு சட்டம், அந்தப் பதிவு இல்லன்னா புள்ளையோட குடியுரிமை அம்மாவோட நெலமைய வச்சுத்தான் போகும், அம்மாவுக்கு குடியுரிமை இல்லன்னா அங்கயே முடிச்சு விழுந்துடும். அப்பா குடிமக்களுக்குத் தர்ற நீல ஐசி வச்சிருந்தும் புரோஜனம் இல்ல.

அந்தப் பையன நான் மாவட்டத்துக்குக் கூட்டிட்டுப் போனேன், பேரு இல்லாம. தண்ணி கேன் தூக்கினான், ஐஸ் பெட்டிய புடிச்சான், கோல் போஸ்ட்டுக்குப் பின்னாடி ஒக்காந்து உள்ள நின்ன கீப்பருக்கு கத்திக் கத்தி சொல்லிக் குடுத்தான். நாங்க அரை இறுதியில தோத்தோம். வேன்ல வரப்ப அவன்தான் அழுதான், ஆடினவன் எவனும் அழுவல. பத்திரம் வந்தப்ப அவனுக்கு 14 வயசு, 12 வயசு டீமுல எடம் ஏது. இப்ப லோரி ஓட்டறான். கடையில என்னைப் பாத்தா வேணும்னே ஐசிய எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்துல வச்சி, ஐயா பேரு சரியா இருக்கா பாத்துக்குங்கன்னுவான். நானும் கண்ணாடிய போட்டுக்கிட்டு பாப்பேன்.

ஐயோ, தம்பி அங்க கண்ணாடிக்குப் பின்னாடி கைய காட்டறாரு, அஞ்சு நிமிஷமாம்.

சரி, போட்டி நடத்தறது. இத சுருக்கா சொல்லிடறேன். எட்டு டீம் வந்தா எல்லாரும் எல்லாரோடயும் ஆடணும்னு கமிட்டில ஒருத்தர் கண்டிப்பா சொல்வாரு, கேக்க நியாயமாத்தான் இருக்கும். கணக்குப் போட்டா 28 ஆட்டம். ஒரு ஆட்டம் அரை மணி நேரம்னா ஒரே திடல்ல 14 மணி நேரம், விடிய விடிய திருவிழாதான். நாலு நாலா ரெண்டு குரூப்பா பிரிச்சா குரூப்புக்கு ஆறு, மொத்தம் பன்னண்டு, அரை இறுதி ரெண்டு, இறுதி ஒண்ணு, பதினஞ்சு ஆட்டம். காலையில எட்டுக்கு ஆரம்பிச்சா சாப்பாட்டு நேரம் கூட இல்லாம மூணரைக்கு முடியும். நாலு மணிக்கு மழ வரும், நம்ம ஊருல அதுக்கு கடிகாரமே வேணாம். இடி கேட்டா திடல்லேருந்து பிள்ளைங்கள எறக்கி, கடைசி இடிக்கப்புறம் அரை மணி நேரம் காத்திருக்கணும், அந்த அரை மணிய அட்டவணையில யாரும் எழுதறதில்ல. கப்பு குடுக்க வந்த தலைவரு பந்தல்ல ஒக்காந்து மணியப் பாப்பாரு, பாக்கட்டும்.

சங்கத்தப் பதிவு பண்ணுங்க. 1997ல வந்த விளையாட்டு மேம்பாட்டுச் சட்டப்படி விளையாட்டு ஆணையர் அலுவலகத்துல பதியணும். பதிவு இல்லாம மானியம் கேட்டுப் போனா வாசல்லயே நிப்பீங்க.

பொம்பளப் பிள்ளைங்க டீமு பத்தி ஒரு பக்கம் எழுதிக்கிட்டு வந்தேன், வேன்ல கூட யார அனுப்பறது, உடுப்பு மாத்த எடம் எங்கன்னு, அது இன்னிக்கி முடியாது போலிருக்கு, அவங்க கோவிச்சுக்கக் கூடாது. கணக்கு வழக்கு மட்டும் ஒண்ணு. ஐஸ் வாங்கின அஞ்சு வெள்ளிக்கும், அதான் அஞ்சு ரிங்கிட்டுக்கும், ரசீது வாங்குங்க, அந்த வழுவழு ரசீது இருக்கே, மெஷின்ல வர்றது, அது கொஞ்ச மாசத்துல வெளுத்துப் போயிடும், ஆண்டுக் கூட்டத்துல வெறும் வெள்ளத் தாள காட்டிக்கிட்டு நிப்பீங்க, நான் நின்னிருக்கேன். அன்னிக்கே போட்டோஸ்டேட் எடுத்து பின்னாடி பேனாவால என்ன சாமான், எந்தத் தேதின்னு... சரி தம்பி, சரி, முடிச்சிட்டேன். வணக்கம்.